எல்க் வேட்டைக்குத் தோட்டா வாங்கப் போகிறீர்களா? குண்டிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவின் கொலராடோவில் முதல்முறையாக எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட உரிமம் எடுத்தவர் துப்பாக்கிக் கடைக்குப் போய் "எல்க்குக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்டுப் பார்க்கட்டும், கவுண்டரில் இருப்பவர், வரிசையில் நிற்பவர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற சக்தி மிகுந்த தோட்டாவுக்குக் கீழே எதையும் தொடாதே என்பார் ஒருவர். எங்கள் தாத்தா காலத்திலிருந்து .270தான் என்பார் இன்னொருவர். இரண்டிலும் எல்க் விழும் என்பது உண்மை, ஆனால் இரண்டு பேருமே பெயரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கட்சி வேறு: முதலில் குண்டு, அடுத்து தூரம், அப்புறம் உங்கள் தோள். பெயர் கடைசியில் தானாக வந்து சேரும்.

தோட்டா என்று நான் எழுதுவது முழு உருப்படியை. பித்தளைக் கூடு, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. விலங்கின் மேல் படுவது அந்தக் குண்டு மட்டும்தான். அதன் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 180 கிரெயின் என்றால் சுமார் 11.7 கிராம்.

படி 1: சட்டத்தைப் பாருங்கள்

கொலராடோவில் எல்க்குக்கு ரைபிள் குறைந்தது .24 காலிபர் (அங்குலத்தில் குழல் துளையின் விட்டம்) இருக்க வேண்டும். குண்டு பட்டதும் விரியும் வகையாக, 85 கிரெயினுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 100 யார்டில் (கஜத்தில்) 1000 அடி-பவுண்டு ஆற்றலாவது மிஞ்ச வேண்டும். ராணுவப் பாணியில் முழு உலோக உறை போட்ட குண்டு விரியாது, அதனால் அது கூடாது. 1949 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைக் கல்விச் சான்றிதழ் இல்லாமல் பொதுவாக உரிமம் கிடையாது. வேறு மாநிலத்தில் விதி வேறு, அந்தந்த மாநிலக் கையேட்டைப் பாருங்கள்.

நம்மவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர் சொன்னார் என்று நம்பி இறங்காமல், கடைக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 2: எதைச் சுடப் போகிறோம்?

புள்ளிமான் அளவில் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். எல்க் மிளாவைவிடப் பெரிது. வளர்ந்த கிடா 300 கிலோவைத் தாண்டும், பெட்டை 220 கிலோ அளவுக்கு வரும். தடித்த தோல், அதன் கீழே கனத்த தசை, தோள்பட்டையில் முரட்டு எலும்பு. குண்டு போய்ச் சேர வேண்டிய இடம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் அடிவரியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும் நுரையீரலும் இதயமும். பக்கவாட்டில் நின்றால் விலா எலும்பைத் தாண்டினால் போதும், எந்தச் சுமாரான குண்டும் அதைச் செய்துவிடும். ஆனால் அது எப்போதும் பக்கவாட்டில் நிற்காது. சாய்ந்து நிற்கும்போது குண்டு இரண்டு மடங்கு தூரம் உள்ளே பயணம் செய்ய வேண்டியிருக்கும், வழியில் எலும்பும் குறுக்கிடலாம். குண்டைத் தேர்ந்தெடுப்பது அந்த மோசமான கோணத்துக்காகத்தான்.

படி 3: குண்டு

இங்கேதான் காசும் நேரமும் போக வேண்டும்.

வேட்டைக் குண்டிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பட்டதும் விரிய வேண்டும், அப்போதுதான் காயம் அகலமாகும். அதே சமயம் விரிந்து விரிந்து சிதறிப் போகாமல் எடையைத் தக்கவைத்து ஆழமாகப் போக வேண்டும். சாதாரணக் குண்டில் ஈய உள்ளடக்கமும் மெல்லிய செம்புக் கலவை உறையும் மட்டுமே இருக்கும். கிட்டத்திலிருந்து சுட்டு அதிவேகமாக எலும்பில் மோதினால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடலாம்.

1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவருக்கு நேர்ந்தது இதுதான். வேகமான மேக்னம் ரைபிள்தான் கையில், எதிரே சேறு அப்பிய மூஸ் மான், குண்டுகளோ ஆழமாக இறங்காமல் உடைந்து போயின. அவர் ஊருக்குத் திரும்பி, நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டு ஒன்றைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948-லிருந்து விற்பனையாகும் நாஸ்லர் பார்ட்டிஷன் அதுதான், இன்றும் எல்க்குக்கு அதைக் குறை சொல்ல ஆள் இல்லை.

இப்போது கடையில் கிடைப்பவற்றை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் மாதிரி தடுப்புச் சுவர் வைத்தவை ஒரு வகை. நாஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் டிராஃபி பாண்டட் டிப் மாதிரி ஈயத்தையும் உறையையும் பிரியாமல் ஒட்டவைத்தவை இன்னொரு வகை. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் மாதிரி ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகள் மூன்றாவது. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் சரிதான். செம்புக் குண்டு எடை இழப்பது மிகக் குறைவு, ஆகவே வழக்கமானதைவிட ஒரு படி எடை குறைத்து வாங்கலாம்; .30-06 என்ற தோட்டாவில் ஈயக் குண்டு 180 என்றால் செம்பில் 165 அல்லது 168 போதும். இறைச்சியில் ஈயத்துணுக்கு வேண்டாம் என்பவர்களுக்கும் அதுதான் வழி. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

மேட்ச் என்று பெயர் போட்டிருக்கும் குண்டுகள் காகிதத்தில் ஓட்டை போடுவதற்கானவை. எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எல்க் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

படி 4: தூரமும் ஒரு சின்னக் கணக்கும்

தோட்டாப் பெட்டியின் மேலோ தயாரிப்பாளரின் தளத்திலோ 100, 200, 300 யார்டில் குண்டின் வேகம் அட்டவணையாக இருக்கும். கிரெயின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் ஆற்றல் வந்துவிடும்.

.30-06-ல் 180 கிரெயின் குண்டு குழல் முனையில் நொடிக்கு 2700 அடி. கணக்குப் போட்டால் 2914. 300 யார்டில் 2150 அடி என்று அட்டவணை சொன்னால், சுமார் 1850. அதே 300-ல் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவின் 140 கிரெயின் குண்டு 2200 அடியில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1505. எல்க்குக்கு 1500 அடி-பவுண்டு வேண்டும் என்பது வேட்டைக்காரர்களிடையே புழங்கும் கைக்கணக்கு. இயற்பியல் விதியொன்றும் இல்லை, 1490-ல் குண்டு துள்ளித் திரும்பி வராது. என்றாலும் புதியவர் எங்கே கோடு போடுவது என்பதற்கு உதவும். ஆற்றலைவிட வேகத்தைத்தான் நான் கவனிப்பேன்: பல குண்டுகள் ஒழுங்காக விரிய 1800 முதல் 2000 அடி வேகமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் ஊசி குத்தியதுபோல் நுழைந்து வெளியேறிவிடலாம்.

படி 5: உங்கள் தோள் என்ன சொல்கிறது?

எட்டுப் பவுண்டு எடையுள்ள ரைபிளில் 6.5 கிரீட்மோர் சுடும்போது தோளில் உதைப்பது 12, 13 அடி-பவுண்டு அளவில்; .30-06 ஏறத்தாழ 20; .300 வின்செஸ்டர் மேக்னம் 25-ஐத் தாண்டும். எண்களாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. சுடுதளத்தில் ஒரு பெட்டி தீர்த்துப் பாருங்கள், தெரியும்.

உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும் கணத்தில் தன்னை அறியாமல் கண்ணை மூடி, குழலைக் கீழே அமுக்குவார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நண்பரை உங்கள் ரைபிளில் சில முறை நிஜத் தோட்டா, சில முறை டம்மித் தோட்டா என்று உங்களுக்குத் தெரியாமல் ஏற்றித் தரச் சொல்லுங்கள். டம்மி வந்தபோது "டிக்" என்ற சத்தத்தோடு குழல் முனை கீழே குதித்தால், அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இப்போதைக்கு அதிகம். நுரையீரலில் பட்ட 6.5, குடலில் பட்ட .300-ஐவிட எவ்வளவோ மேல்.

படி 6: இப்போது பெயர்

புதியவர் என்னிடம் கேட்டால் .30-06-தான் சொல்வேன். 1906-லிருந்து இருக்கிறது, எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், 165 அல்லது 180 கிரெயினில் நல்ல குண்டு போட்டால் 300 யார்டு வரை குறையே இல்லை. உதை இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும் என்றால் .308 வின்செஸ்டர், அல்லது 7 எம்எம்-08. .270-ஐ 140, 150 கிரெயினில் தாராளமாக எடுக்கலாம். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னமும் .300 வின்செஸ்டர் மேக்னமும் நன்றாகச் சுடத் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் தூரம் தரும். 6.5 கிரீட்மோர் போதுமா என்று சண்டை ஓயாது. கெட்டியான குண்டு, 300-க்குள் தூரம், பொறுமை மூன்றும் இருந்தால் போதும். .243 சட்டப்படி செல்லும். ஆனால் கோணமோ கையோ கொஞ்சம் பிசகினால் ஈடுகட்ட அதில் மிச்சம் கிடையாது, புதியவருக்கு வேண்டாம்.

வாங்கும்போது குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். .300 வின்செஸ்டர் மேக்னம், .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம், .300 வெதர்பி மேக்னம் மூன்றும் வேறு வேறு. மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

படி 7: சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இரண்டு மூன்று வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் ரைபிளுக்கு எது ஒத்துப்போகிறது என்று பாருங்கள். விலை கூடியதுதான் ஒத்துப்போகும் என்றில்லை. கிடைத்ததும் அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) இன்னும் சில பெட்டிகளை எடுத்துவைத்து, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) 200 யார்டில் குண்டு குறியில் படும்படி சரிசெய்யுங்கள். .30-06 180 கிரெயின் அப்போது 100-ல் இரண்டு அங்குலம் மேலே, 300-ல் எட்டு ஒன்பது அங்குலம் கீழே படும்.

பிறகு மேசையை விட்டு எழுந்திருங்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, கோல் ஊன்றி, மூச்சு வாங்கும்போதும் ஒன்பது அங்குலக் காகிதத் தட்டில் எந்தத் தூரம் வரை எல்லாக் குண்டும் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. பெட்டியில் இருக்கும் அட்டவணை 500 யார்டு வரை போனாலும் சரி. மலைக்கு மேலே முகாமுக்குப் போனதும், சுட அனுமதியுள்ள இடத்தில் இரண்டு தோட்டா செலவழித்து ஸ்கோப்பை மறுபடி சரிபாருங்கள். 9000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குண்டு சற்று மேலே படலாம், வழியில் வண்டி குலுங்கியதில் ஸ்கோப்பும் நகர்ந்திருக்கலாம்.