காரிடார்ல ஆர்க்கிட் ஹைப்ரிட் போடுறது எப்படி

சிங்கப்பூர்ல நம்ம தேசிய மலரே ஒரு ஹைப்ரிட்தான், அதாவது ரெண்டு வகை சேர்ந்து வந்த கலப்புச் செடி. தஞ்சோங் பகார்ல ஆக்னஸ் ஜோக்கிம் தோட்டத்துல வந்த வாண்டா மிஸ் ஜோக்கிம், 1893ல பொட்டானிக் கார்டன்ஸ் இயக்குநர் ரிட்லி அத பத்தி எழுதினாரு, 1981ல தேசிய மலராச்சு. இப்ப அது வாண்டாவே இல்ல, பாப்பிலியோனாந்தேன்னு மாத்திட்டாங்க, ஆனா எங்க புளோக்ல யார் கேக்குறா.

முதல்ல பேர படிக்கத் தெரியணும். டென்ட்ரோபியம்னு முன்னாடி வர்றது பேரினம், அதாவது ஆர்க்கிட்ல அது எந்தக் குழுன்னு சொல்ற பேரு. அடுத்து வர்றத கிரெக்ஸ்னு சொல்வாங்க, அதே ரெண்டு செடி வகைய யாரு எந்த ஊர்ல சேர்த்தாலும், எது அம்மா எது அப்பான்னு மாத்திப் போட்டாலும், பொறக்குற பிள்ளைங்க எல்லாத்துக்கும் அதே பேருதான், ஒண்ணு வெள்ளை ஒண்ணு ஊதான்னு பூத்தாலும் சரி. கடைசில ஒத்த மேற்கோள் குறிக்குள்ள இருந்தா அது அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு செடி, அத பிரிச்சு வச்சோ டிஷ்யூ கல்ச்சர்லயோ (லேப்ல திசுவ எடுத்து வளர்க்குறது)தான் பெருக்கணும், விதைல வராது. ரெண்டு பேரினத்த கலந்தா பேரினப் பேரும் புதுசு, அராக்னிஸும் வாண்டாவும் சேர்ந்தா அராண்டா. பதிவு பண்றது லண்டன்ல இருக்குற ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி, அதுவும் செடி பூத்த அப்புறம்தான்.

இப்ப வேலைக்கு வருவோம். பூ விரிஞ்சு ரெண்டு மூணு நாள் ஆனதும் பல்குச்சியால நடுத்தூண் நுனில இருக்குற சின்ன மூடிய தள்ளுங்க, மஞ்சளா உருண்டை ஒட்டிக்கிட்டு வரும், அதான் மகரந்தம். அம்மாவா வைக்கப் போற பூவுல இருக்குற மகரந்தத்த எடுத்துட்டு, தூணுக்கு அடில பிசுபிசுன்னு ஒரு குழி இருக்கும் பாருங்க, அதுல அப்பாவோட உருண்டைய அழுத்தி வைங்க. பூ சீக்கிரமே வாடிடும், பயப்படாதீங்க, பின்னாடி காம்பு தடிச்சா காய் பிடிச்சிருக்கு. கடைல வாங்குற ஹைப்ரிட் நிறைய மலடு, அதனால காய் உதிர்ந்தா உங்க கை ராசிய திட்டாதீங்க.

உடனே லேபிள் எழுதுங்க, அம்மா பேரு, பெருக்கல் குறி, அப்பா பேரு, தேதி. பென்சில்ல!! நான் மார்க்கர்ல எழுதி வச்சேன், காரிடார் வெயில்ல மொத்தமும் வெளுத்துப் போச்சு.

டென்ட்ரோபியம் காய் முத்த மூணு நாலு மாசம் ஆகும். வெடிக்கிறதுக்கு முன்னாடி பச்சையாவே பறிச்சு லேப்ல குடுத்துடுங்க, வெளிப்பக்கத்த மட்டும் கிருமி நீக்குனா போதும், உள்ள சுத்தமாதான் இருக்கும். விதை தூசி மாதிரி, அதுக்குள்ள சாப்பாடே கிடையாது, காட்டுல ஒரு பூஞ்சைதான் ஊட்டி வளர்க்கும். 1922ல நட்சன்னு ஒரு அமெரிக்கர் பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த அகார்ல (கடல்பாசி ஜெல்லி) முளைக்க வச்சுக் காட்டினாரு, 1928ல அப்ப இயக்குநரா இருந்த ஹோல்ட்டம் நம்ம பொட்டானிக் கார்டன்ஸ்ல ஹைப்ரிட் வேலைய ஆரம்பிச்சதும் அந்த முறைலதான்.

லேப்ல முளைக்க வச்ச நாத்த ஃபிளாஸ்க்ல (கண்ணாடி பாட்டில்) இருந்து எடுத்ததும் அகார நல்லா கழுவிட்டு கரி, பாசில வச்சு நிழல்ல விடுங்க. தட்டுல தண்ணி தேங்கக் கூடாது, ஏடிஸ் கொசு (டெங்கி பரப்புறது) செக்குக்கு ஆளு வருவாங்க. பூக்க மேல ரெண்டு மூணு வருஷம்.

என்னோடது போன மாசம் பூத்துச்சு, அழகான பிங்க். அப்பா பேரு தெரியாததால பதிவு பண்ண முடியல, வீட்ல அதுக்கு 'யாரோ பெத்த பிள்ளை'ன்னு பேரு வச்சிருக்காங்க.