ஏ.எல்.பி. கூடினால் ஈரல்தான் என்று முடிவு கட்டாதீர்கள்

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போன மாதம் ஒரு வயதான அம்மா பேரனின் ரிப்போர்ட்டை எடுக்க வந்தார். பையனுக்கு 13 வயது. அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதியம் (என்சைம்), அதாவது ஏ.எல்.பி., 362 என்று இருந்தது. பக்கத்தில் தடித்த எழுத்தில், கூடுதல் என்று காட்டும் ஒரு ‘எச்’. சாதாரண அளவு 40 முதல் 130 வரை என்று அதே தாளில் அச்சாகியிருந்தது. “பிள்ளை, பேரனுக்கு ஈரல் பழுதாப் போச்சோ?” என்று கேட்டபோது அவர் கையில் தாள் நடுங்கியது.

“இல்லையம்மா, தம்பி வளருறான், அவ்வளவுதான்” என்றேன்.

தாளில் இருந்தது பெரியவர்களுக்கான அளவு. வளரும் வயதில் எலும்பைக் கட்டும் கலங்கள் இந்த நொதியத்தை நிறையவே உண்டாக்கும். உயரம் சடாரென்று கூடும் 13, 14 வயதில் ஆண்பிள்ளைகளுக்கு 400ஐத் தாண்டினாலும் அது வழமைதான். பிள்ளையின் எண்ணைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. வயதுக்கேற்ற அளவு தாளில் இல்லையென்றால் ஆய்வுகூடத்தில் கேளுங்கள். சொல்வது எங்கள் கடமை. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் சிலருக்கு, சளிக்காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து போன பிறகு, இது ஆயிரங்களுக்கே ஏறும். ஈரலிலும் எலும்பிலும் நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். வைத்தியர் பொறுத்திருந்து திரும்பச் சோதிக்கச் சொன்னால், அவர் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

எல்.எஃப்.டி. எனப்படும் ஈரல் தொழிற்பாட்டுச் சோதனைத் தாளில் வருவதால் எல்லோரும் இதை ‘ஈரல் டெஸ்ட்’ என்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1923இல் லண்டனில் றொபேர்ட் றொபிசன் இந்த நொதியத்தை ஆராய்ந்ததே எலும்பு எப்படிக் கடினமாகிறது என்று அறியத்தான். ஈரலிலும் பித்தக்குழாய்களிலும் மட்டுமல்ல, எலும்பிலும் குடலிலும், கர்ப்பகாலத்தில் சூல்வித்தகத்திலும் (நச்சுக்கொடி) இது உண்டாகிறது. எங்கள் மெஷின் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் தரும். எங்கிருந்து வந்தது என்று அந்த எண் சொல்லாது.

இது தெரியாமல் ஈரலுக்கென்று கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பும் தொடையும் வலிக்கிறது, படியேறக் கஷ்டம், ஏ.எல்.பி.யும் கூடியிருக்கிறது. இப்படி ஒருவருக்கு விற்றமின் டி குறைவால் எலும்பு மென்மையாகியிருக்கலாம். கொழும்பில் வெயிலுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். விடிந்தால் அலுவலகம், பொழுதுபட்டால் பஸ், மற்ற நேரம் அடுக்குமாடி வீடு. வெயில் தோலில் பட்டால்தானே விற்றமின் உண்டாகும்? எலும்பு முறிந்து பொருந்திவரும் வாரங்களிலும் ஏ.எல்.பி. ஏறும். ஆனால் ஒஸ்டியோபொரோசிஸ் என்ற எலும்புத் தேய்வில், முறிவு இல்லாதவரை, பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அதனால் ஏ.எல்.பி. சரியாக இருக்கிறது, எலும்பும் உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈரலா எலும்பா என்று பிரிக்க வைத்தியர்கள் வழக்கமாகக் கேட்பது ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியத்தின் அளவு. அதுவும் கூடியிருந்தால் ஈரல், பித்தக்குழாய் பக்கம் பார்ப்பார்கள். அது சாதாரணமாக இருந்தால் எலும்பு பக்கம். இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. மதுவும் பெனிற்றோயின் போன்ற வலிப்பு மாத்திரைகளும் ஜி.ஜி.டி.யைத் தனியாகவே உயர்த்தும். பெனிற்றோயினை நெடுங்காலம் எடுத்தால் எலும்பும் பாதிக்கப்படலாம். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை, நாட்டு மருந்தையும் சேர்த்து, வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

“கண் மஞ்சளாகவில்லையே, செங்கமாரி இல்லை” என்று ரிப்போர்ட்டை மடித்து அலுமாரியில் வைப்பதும் ஆபத்து. பித்தக்குழாயின் ஒரு கிளை மட்டும் அடைபட்டால், கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் ஏறாமலே ஏ.எல்.பி. ஏறும். கல், கட்டி, ஈரலில் பரவிய காசநோய், நடுவயதுப் பெண்களுக்கு வரும் ஒருவகைப் பித்தக்குழாய் அழற்சி எல்லாமே நோவில்லாமல் இப்படித் தொடங்கலாம். பெரியவர் ஒருவருக்கு இரண்டாம் முறையும் ஏ.எல்.பி. உயர்ந்தே இருந்தால் ஸ்கேன் எடுக்காமல் விடக் கூடாது.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இது இரட்டிப்பாவது இயல்பு. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரித்தால் உடனே கிளினிக்கில் காட்டுங்கள். அங்கே பார்க்க வேண்டியது பித்த அமிலங்களையும் ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதியத்தையும். ஏ.எல்.பி. அந்த நேரத்தில் உதவாது.

சாப்பாட்டு விஷயம் சின்னதுதான். எண்ணெயில் பொரித்த பற்றிஸைச் சாப்பிட்டுவிட்டு நேரே வந்து இரத்தம் கொடுத்தால், முக்கியமாக ஓ, பி வகை இரத்தம் உள்ளவர்களில், குடலிலிருந்து வரும் பங்கு கூடி எண் கொஞ்சம் ஏறலாம். சற்றே கூடிய ரிப்போர்ட் என்றால் வெறுவயிற்றில் ஒருமுறை திரும்பச் செய்து பாருங்கள்.

இனி எங்கள் பக்கத்துத் தவறு. முன்பு ஓரிடத்தில் நான் இரவுக் கடமையில் இருந்தபோது வார்டிலிருந்து வந்த ஒரு மாதிரியில் பொட்டாசியம் 15, கல்சியம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஏ.எல்.பி. 9. இப்படியொரு இரத்தத்தோடு ஆள் உயிரோடு இருக்க முடியாது. அவரோ கட்டிலில் இருந்து பேசிக்கொண்டிருந்தார். விசாரித்தால், ஊதா மூடிக் குழாயில் அதிகமாகிப்போன இரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாய்க்குள் ஊற்றியிருக்கிறார்கள். ஊதாக் குழாயில் இருப்பது பொட்டாசிய ஈ.டி.டி.ஏ. இரத்தம் உறையாமல் இருக்க அது கல்சியத்தைப் பிடித்து வைக்கும். அதோடு நாகத்தையும் (சிங்க்) மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டும் இல்லாமல் இந்த நொதியம் வேலை செய்யாது. அன்று எண் அவ்வளவு கோணலாக இருந்ததால் பிடிபட்டது. கொஞ்சம்தான் கலந்திருந்தால் கூடியிருக்க வேண்டிய ஏ.எல்.பி. சாதாரணம் போலவே வெளியே போயிருக்கும். இளம் தாதியருக்கும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றாதீர்கள், ஊதாவுக்கு முன்னால் சிவப்பை நிரப்புங்கள்.

போன வருடம் ஓரிடத்திலும் இந்த வருடம் வேறோர் இடத்திலும் செய்து எண்களை ஒப்பிடுவதும் சரிவராது. சோதனையில் பயன்படுத்தும் தாங்கற் கரைசல் (பஃபர்) மாறினாலே ஒரே இரத்தத்துக்கு வேறு எண் வரும். தொடர்ந்து பார்ப்பதென்றால் ஒரே இடத்தில் பாருங்கள்.

எல்லோரும் ‘எச்’சுக்குத்தான் பயப்படுகிறார்கள். குறைவு என்று காட்டும் ‘எல்’ போட்டிருந்தால் நல்லது என்று எடுத்துவைத்துவிடுகிறார்கள். நாகக் குறைவு, தைரொயிட் சுரப்பு குறைவு, கடும் போசாக்கின்மை ஆகியவற்றில் இது இறங்கும். அரிதாக ஹைப்போபொஸ்பட்டேசியா என்ற பரம்பரை நோயிலும் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அந்த நோய் உள்ளவருக்கு எலும்புத் தேய்வு என்று நினைத்து பிஸ்பொஸ்பனேட் மாத்திரை கொடுத்தால் கெடுதலாக முடியலாம். ஐந்து வயதுக்கு முன்பே ஒரு பிள்ளையின் பாற்பல் வேரோடு கழன்று விழுந்தால், அது இந்த நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; அந்தப் பல்லை ஒரு கடதாசியில் சுற்றிப் பல் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டி, ஏ.எல்.பி. பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.