நாடியை எண்ணுகையில் நேரும் தவறுகள்

காட்பாடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை இருவர் இருவராக அமரவைத்து ஒரு செய்முறை நடத்துவதுண்டு. ஒருவர் 1000-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போக, மற்றவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ண வேண்டும். மனக்கணக்குப் போடும்போது பெரும்பாலோருக்குத் துடிப்பு கூடிவிடும். இந்தச் செய்முறையில் மாணவர்கள் செய்யும் பிழைகளையேதான், வீட்டில் கைக்கடிகாரத்திலோ ஆக்சிமீட்டரிலோ ஓர் எண்ணைப் பார்த்துக் கலங்கும் பெரியவர்களும் செய்கிறார்கள்.

முதல் தவறு தொடக்க அளவிலேயே நேர்கிறது. மாடிப்படி ஏறிவந்த மூச்சு அடங்குவதற்குள் எண்ணிவிட்டு, அதையே ஓய்வுநிலைத் துடிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. ஆனால் எழுந்து நின்றாலே அது கூடும், காபி குடித்தால் கூடலாம், காய்ச்சலில் கூடும். நம் வேலூர் வெயிலையும் மறக்கக் கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், உடற்சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், எந்தக் கவலையும் இல்லாதவருக்கும் இதயம் விரைந்தே துடிக்கும். ஆகவே நிழலில் ஐந்து நிமிடமாவது அமர்ந்த பிறகே எண்ண வேண்டும். கட்டை விரலால் தொட்டால் அதன் துடிப்பையே எண்ணிவிட நேரும் என்பதால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைப்பது நல்லது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்பின் பிழை நான்காகிவிடும்; முழு நிமிடமும் எண்ணுங்கள்.

அடுத்த தவறு பல ஆண்டுகள் என்னிடமே இருந்தது. கழித்தலை உரக்கச் சொல்லச் சொன்னேன். பேசுவதே மூச்சின் ஒழுங்கை மாற்றி, துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. எனவே நாங்கள் கண்ட உயர்வில் கணக்கின் பங்கு எவ்வளவு, வாயின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. இப்போது ஒன்று, இரண்டு என்று வெறுமனே எண்களை உரக்கச் சொல்லும் ஒரு சுற்றையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கூர்ந்து கவனித்தாலே இதயம் வேகமெடுக்கும் என்று நம்புவது. கவனம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே இங்கே முக்கியம். ஜான் லேசி, பியட்ரிஸ் லேசி என்ற அமெரிக்க உளவியல் தம்பதியர் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தனர்: மனத்துக்குள்ளேயே கணக்குப் போடும்போது துடிப்பு கூடுகிறது, வெளியிலிருந்து வரப்போகும் ஒன்றைக் காணவோ கேட்கவோ காத்திருக்கும்போது பெரும்பாலும் குறைகிறது. காட்பாடி சந்திப்பில் நம் வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கிக்குக் காதைத் தீட்டி நிற்கும் அந்தச் சில நொடிகளில் இதயம் சற்றே நிதானிக்கிறது. வண்டி வேறு நடைமேடைக்கு வருகிறது என்று தெரிந்ததும் படபடக்கிறது. இரண்டுமே கவனம்தான், உடலுக்கோ அவை வேறு வேறு.

இதற்குக் காரணமும் அழகானது. இதயத்தின் இயற்கைத் துடிப்புமுடுக்கியைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கச் செய்யும். ஓய்வில் அதை இழுத்துப் பிடித்திருக்கும் கடிவாளம் வேகஸ் நரம்பு. மனம் பதறும்போது முதலில் இந்தக் கடிவாளம் தளர்கிறது. அது ஓரிரு துடிப்புகளுக்குள் நடந்துவிடும். இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகள் சில நொடிகள் கழித்தே முழு வீச்சில் வேலை செய்கின்றன. இரத்தத்தில் கலந்த அட்ரினலின் அடங்கவோ நிமிடங்கள் ஆகும். ஆகையால் கணக்கு முடிந்தவுடனேயே அடுத்த அளவை எடுத்து, அதை ஓய்வு என்று குறிப்பதும் பிழைதான்.

மூச்சை எண்ணுவது இதைவிடக் கடினம், ஏனெனில் எண்ணப்படுகிறது என்று தெரிந்ததுமே மூச்சு மாறிவிடுகிறது. அனுபவமுள்ள செவிலியர்கள் நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல், நோயாளி அறியாதபடி மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவது இதனால்தான். ஆரணியில் பட்டுத் தறியில் அறுந்த இழையை இணைப்பவரைப் பார்த்திருப்பீர்கள்: முடிச்சு விழும்வரை மூச்சு நின்றேபோனதுபோல் இருக்கும், பிறகு ஒரு பெருமூச்சு வரும். அழுத்தத்தில் மூச்சு விரைந்து, மேலோட்டமாகி, இடையிடையே பெருமூச்சுகளும் கூடுகின்றன.

நாடி சீராக இல்லையே என்று அஞ்சி என்னிடம் வரும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவராவது உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தாழ்வதும் இளவயதினரிடம் தெளிவாகத் தெரியும் இயல்பு. ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக் இதை 1847-லேயே பதிவுசெய்தார். மூச்சோடு தொடர்பில்லாமல் தாறுமாறாகத் துடித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதற்றத்தில் இருப்பவரிடம் "நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்று பலர் ஒருசேரச் சொல்வதும் தீங்காகலாம். வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். அதைக் கண்டு அவர் மேலும் பதறுவார். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி, மெல்ல விடச் சொல்லுங்கள். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சுவிடச் செய்யாதீர்கள். வேறு நோயால் மூச்சுத் திணறுபவருக்கு அது ஆபத்து.

உயிரையே பறிக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. நெஞ்சை அழுத்தும் வலி, குளிர்ந்த வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் ஆகியவற்றை "டென்ஷன்தான்" என்றோ "வாயு பிடிச்சிருக்கு" என்றோ சொல்லி, சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். இந்த அறிகுறிகள் கண்டால் நாடியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.