‘கொப்பியாவோ’ என்ற கிரேக்க வினையைப் பொருளறிந்து படிக்கும் முறை

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துப் பெண்களோடு சேர்ந்து புதிய ஏற்பாட்டை வாசிக்கும்போது, மத்தேயு 11:28இல் வரும் ‘வருத்தப்பட்டு’ என்ற சொல்லைப் பலர் மனவருத்தம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது ‘கொப்பியாவோ’ என்ற வினை. கடுமையாக உழைப்பதையும், அந்த உழைப்பால் அசந்துபோவதையும் அந்த ஒரே சொல் குறிக்கும்.

முதலில் வேரைப் பாருங்கள். ‘கொப்தோ’ என்றால் அடித்தல், வெட்டுதல். அதிலிருந்து பிறந்த ‘கொப்பொஸ்’ என்ற பெயர்ச்சொல் அடி என்ற பொருளிலிருந்து பாடு, களைப்பு என்று விரிந்தது. நம் வினை அதன் வழியில் வந்தது. நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து, எடை போடும் இடம் வரை மூட்டையைச் சுமந்து வந்தவர் ‘உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது’ என்று சொல்வதைக் கேட்டவருக்கு இந்த உறவை விளக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் வேர்ப்பொருளை அப்படியே மொழிபெயர்ப்பில் ஏற்றிவிடக் கூடாது. அது சொல்லை உணர்வதற்கு மட்டுமே உதவும்.

அகராதியில் ‘கொப்பியாவோ’ என்று தேடுங்கள். வாசகங்களில் உயிரெழுத்துகள் இணைந்து ‘கொப்பியோ’ என்று சுருங்கும்.

பொருளை முடிவுசெய்ய, பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பாருங்கள். யோவான் 4:6இல் பயணமும் கிணற்றருகே உட்காருவதும் வருவதால் அது களைப்பு. வினையும் முடிந்த செயலின் விளைவாக நிற்கும் நிலையைக் காட்டும் வடிவில் உள்ளது. லூக்கா 5:5இல் இரவு முழுவதும் வலைவீசிய மீனவர் பேசுவதால் அது பாடு. மத்தேயு 6:28இல் நூற்பதோடு சேர்ந்து வருவதால் அது உழைப்பு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இம்மூன்று இடங்களிலும் முறையே இளைப்படைதல், பிரயாசப்படுதல், உழைத்தல் என்று வேறு வேறு சொற்களைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

வேலை செய்வதைப் பொதுவாகச் சொல்ல ‘எர்காசொமாய்’ என்ற வேறு வினை உண்டு. எபேசியர் 4:28இல் இரண்டும் சேர்ந்தே வருகின்றன: திருடியவன் தன் கைகளால் வேலைசெய்து பிரயாசப்பட வேண்டும். ஒன்று செய்யும் வேலை, மற்றொன்று அதற்காகப் படும் பாடு.

ரோமர் 16ஆம் அதிகாரத்தில் மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நான்கு பெண்களுக்கும் பவுல் ‘கொப்பியாவோ’ என்ற வினையைத்தான் தருகிறார். அந்த இடத்தை விளக்கும்போது ‘ஊழியம் செய்தார்கள்’ என்று மென்மையாக்காமல், ‘பாடுபட்டார்கள்’ என்றே சொல்லுங்கள்.