அனிமோன் வாங்கும் முன், அலைமோட்டாருக்கு உறை போடுங்கள்

என் கடல்நீர் மீன்தொட்டியில் விட்ட முதல் அனிமோன் மூன்றாம் நாளே, தண்ணீரை அலையடிக்க வைக்கும் அலைமோட்டாருக்குள் போய் நார்நாராகிவிட்டது. அனிமோன் செடியல்ல, பூப்போல இருக்கும் கடல் விலங்கு; இடம் பிடிக்காவிட்டால் நடந்துவிடும். அதனால் முதல் வேலை, மோட்டார் உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்ச் உறை போடுவது.

தொட்டி ஓடத் தொடங்கி குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். புதுத் தொட்டியில் விட்டால் காசு தண்ணீரோடு போச்சு. தண்ணீரின் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டுவது) 1.025, வெப்பம் 25–26 டிகிரி. சென்னை மே மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இது நடக்காது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நான் ஒருமுறை உப்புத் தண்ணீர் ஊற்றியதில், அனிமோன் இரண்டு நாள் சுருங்கியே கிடந்தது.

கடையில் வாயைப் பாருங்கள்: இறுக மூடியிருக்க வேண்டும். அடிப்பாதம் கிழிந்திருந்தால் வேண்டாம். வெள்ளைவெளேரென்று இருப்பது அழகல்ல, உள்ளே வாழும் பாசியை இழந்த நோய்.

பபிள் டிப் (கைகளின் நுனி குமிழ்போல இருக்கும்) வகை அனிமோனுக்குப் பாறை இடுக்கு பிடிக்கும். ஒட்டிக்கொண்ட பின் பிய்த்து எடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை சுண்டுவிரல் நகமளவு இறால் போதும்.

அனிமோன் உருகி நாற்றமடித்தால், உடனே வெளியே எடுத்துவிடுங்கள். தாமதித்தால் மீன்களும் போகும்.