ஊசி வதந்தியை அண்ணியிடம் பேசித் தீர்த்த விதம்

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியதும், ஊசி போட்ட பெண்பிள்ளைக்குப் பின்னால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியது. அண்ணி மகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. ‘எல்லாம் பொய்’ என்று அண்ணன் கத்தக் கத்தப் பிடிவாதம்தான் கூடியது.

நான் வாதாடவில்லை; பயத்தை முழுக்கச் சொல்லவிட்டேன். அப்புறம் ரூபெல்லாவைப் பற்றிச் சொன்னேன்: கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு அது வந்தால், குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு வரலாம். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. லேசான காய்ச்சல், தடிப்பு வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. அதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

சரி என்று கிராம செவிலியரிடம் கூட்டிப்போனேன். மருந்துக் குப்பியை வாங்கிக் காலாவதி தேதியை அண்ணியே படித்துப் பார்த்தார். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இப்போது அண்ணிதான் விளக்கம் சொல்கிறார்.