கொலோனோஸ்கோப்பிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்களா? முடிவு தெரியும்வரை கவலையைச் சமாளிக்கும் வழி

மலத்தில் இரத்தம் கண்டு மருத்துவரிடம் போனேன். ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்த்துவிடலாம் என்று கொலோனோஸ்கோப்பிக்கு எழுதிக்கொடுத்தார். இங்கே மொரீஷியஸில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்; எனக்குத் தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. அப்போது எடுத்த சதைத்துணுக்கைச் சோதிக்கும் பயாப்ஸியின் முடிவுக்கு மேலும் இரண்டு வாரம். அந்த ஏழு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை, இப்போதுதான் கையில் சீட்டு வாங்கியிருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: சீட்டை நிதானமாகப் படியுங்கள்

என் சீட்டில் ‘ரூல் அவுட்’ என்று எழுதி, அதற்குப் பின்னால் புற்றுநோயின் பெயர் இருந்தது. ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்தில் நின்றபடியே படித்தேன். ஆங்கிலம் தெரியாதவள் அல்ல நான். ஆனாலும் கடைசிச் சொல் மட்டுமே கண்ணில் பட்டது. இரண்டு வண்டிகள் போனது தெரியவில்லை. ‘அது இல்லை என்று உறுதி செய்துகொள்ள’ என்பதே அதன் பொருள் என்று வீட்டுக்கு வந்து மூன்றாம் முறை படித்தபோதுதான் உறைத்தது.

இரத்தம் வருவதற்கு மூலம், ஆசனவாய் வெடிப்பு, குடல் அழற்சி என்று பல காரணங்கள் உண்டு. இப்படிப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. பாலிப் என்னும் சதைமுளை இருந்தாலும், அது புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் அளவுக்குப் பிடிக்கும். முளையைக் குழாய் வழியாகவே அறுத்தெடுத்துவிடலாம். 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கிவைத்த முறை அது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

தேதி என்றைக்கு, முடிவை யார் எப்படிச் சொல்வார்கள், இடையில் உடம்பு மோசமானால் யாரிடம் வருவது என்ற மூன்றையும் கேட்டுச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். இரத்தம் நிற்காமல் கொட்டினாலோ, வயிறு உப்பி வாந்தியும் கடும் வலியும் வந்தாலோ தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே இங்குள்ள அவசர ஆம்புலன்ஸ் எண் 114-ஐ அழையுங்கள்.

படி 2: ஒருவரிடமாவது சொல்லுங்கள்

நம் வீடுகளில் அந்த நோயின் பெயரைச் சொல்லவே தயங்குவார்கள். நானும் பத்து நாள் மூடி மறைத்தேன். பிறகு அண்ணியிடம் சொன்னேன். “ஒன்றும் இருக்காது, சும்மா இரு” என்றார். அன்பாகத்தான் சொன்னார்; ஆனால் அதற்கு மேல் என் வாயைத் திறக்க முடியவில்லை. மறுநாள் அவரிடமே போய், “அண்ணி, வைத்தியம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் பேசும்போது கேட்டுக்கொண்டு கூட இருங்கள், அது போதும்” என்றேன். அதன்பின் ஒவ்வொரு மாலையும் வந்தார். என்ன வேண்டும் என்று நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

படி 3: கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்

எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 1983-இல் இந்த முறையை எழுதினார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரைமணி நேரம். அப்போது மட்டும் கவலைப்படுவது. மற்ற நேரத்தில் கவலை எட்டிப்பார்த்தால், “ஐந்தரைக்கு வா” என்று சொல்லி ஒரு சொல்லில் குறித்துவைத்துவிட்டுக் கையில் உள்ள வேலைக்குத் திரும்புவது.

என் இடம் பின்கட்டுத் திண்ணை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் நடுவே கோடு கிழித்தேன். நாளைக்கே செய்யக்கூடியவை இடப்பக்கம். முடிவு வரும்வரை ஒன்றும் செய்ய முடியாதவை வலப்பக்கம். ‘இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டுமா?’ இடப்பக்கம். ‘நான் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள்?’ என்பதை முதலில் வலப்பக்கம் எழுதினேன். நாலாவது நாள் அதை அடித்துவிட்டு, ‘தம்பியிடம் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும்’ என்று இடப்பக்கத்தில் எழுதினேன். அன்றிரவே பேசினேன். பெரிய பயத்துக்குள் இப்படி ஒரு சின்ன வேலை ஒளிந்திருக்கும். எழுதிப் பார்த்தால்தான் தெரியும். வலப்பக்கத்தில் மிஞ்சியதைப் படித்துவிட்டு, நேரம் முடிந்ததும் நோட்டை மூடி எழுந்துவிடுங்கள். முதல் வாரம் சரியாக வராது. விடாமல் உட்காருங்கள்.

படுக்கைக்குப் போகும் நேரத்தில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: உடம்பை வேவு பார்ப்பதைக் குறையுங்கள்

பயமே குடலைக் கலக்கும். பதற்றத்தில் வயிறு இளகுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதையும் நோயின் அறிகுறி என்று எண்ணி மேலும் பயந்தால் வட்டம் முடிவதே இல்லை. இரத்தம் கண்டால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கு உதவும். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் தொலைபேசியைத் தொடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துப் பத்து முறை விடுங்கள்.

படி 5: குடலைச் சுத்தம் செய்யும் நாட்கள்

காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்த பழக்கம் நமக்கு உண்டு. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். விரதத்தில் நாம் நம்பிச் சாப்பிடும் கீரை, பருப்பு, பழம் எல்லாமே பரிசோதனைக்கு முந்திய சில நாட்களில் கூடாது. நார் குடலில் தங்கிக் கண்ணை மறைக்கும். தால் பூரி வேண்டாம். கொய்யா வேண்டாம். சப்ஜா விதை மிதக்கும் அலூடா என்னும் பால் பானமும் வேண்டாம். வாழையிலையில் ஏழு கறி என்று யாராவது அழைத்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். வெள்ளைச் சோறு, தயிர், தோலுரித்த உருளைக்கிழங்கு, வெள்ளை ரொட்டி போதும். கடைசி நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: வடிகட்டிய ஆப்பிள் சாறு, பால் விடாத வெனிலாத் தேநீர். சிவப்புச் சாயம் சேர்ந்த பானம் கூடாது, குடலுக்குள் இரத்தம்போல் தோன்றும். உங்கள் மருத்துவமனை தரும் தாளில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நீரிழிவு மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

பேதி மருந்தைக் குளிரவைத்து உறிஞ்சுகுழலால் குடித்தால் இறங்கும். கழிப்பறைக்குப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது தடவைக்குப் பிறகு எரிச்சல் தாங்காது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். கோயிலில் நேர்ந்துகொள்ளுங்கள், நானும் நேர்ந்துகொண்டேன். ஆனால் தைப்பூசம் முடியட்டும், நேர்த்திக்கடன் தீரட்டும் என்று பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: பரிசோதனை நாளும் அதற்குப் பிறகும்

குழாய் உள்ளே இருப்பது பெரும்பாலும் அரைமணியிலிருந்து முக்கால்மணி நேரம். மயக்கமருந்து கொடுத்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். சதைத்துணுக்கு எடுத்தார்கள் என்று கேட்டதும் கலங்கிவிடாதீர்கள். பார்வைக்கு எல்லாம் நன்றாக இருந்தாலும் எடுப்பதுண்டு. எனக்குச் செவிலியர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த இரண்டு வாரமும் நரகமாகியிருக்கும்.

படி 7: முடிவு கேட்கப் போகும் நாள்

தனியாகப் போகாதீர்கள். முதல் வாக்கியத்துக்குப் பிறகு காது அடைத்துக்கொள்ளும். கூட வருபவர் எழுதிக்கொள்ளட்டும். எந்த முடிவானாலும், அடுத்து என்ன, எப்போது, யாரிடம் என்று கேளுங்கள். என்னுடன் அண்ணி வந்தார். ஒரு பாலிப் இருந்ததாகவும், முழுவதும் எடுத்துவிட்டதாகவும், அதில் புற்று இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். மூன்று ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். அந்த ‘மூன்று’ என் காதில் விழவே இல்லை. அண்ணி சீட்டின் பின்புறம் எழுதி வைத்திருந்தார்.